தலையணைக்குள் ஒரு பில்லை

எனக்கு ஊரில் பில்லைக்காரி என்று பேர். வைத்தது யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் வேலை அதுதான். அணு உலை விபத்துக்குப் பிறகு வெளியேற்றப்பட்டு, மறுபடி வந்து குடியேறியவர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பில்லை தொங்குகிறது. தீப்பெட்டியில் பாதி இருக்கும். உள்ளே அரிசியை விடச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளைச் சில்லு. மேலே படும் கதிர்வீச்சை அது சத்தம் போடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் வீடு வீடாகப் போய்ப் பழசை வாங்கிக்கொண்டு புதுசு கொடுப்பேன். ஆய்வுக்கூடத்தில் சில்லைச் சூடாக்கினால் மினுக்கென்று ஒளி விடும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். ஒரு தடவை சூடாக்கிவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மனிதர்களைப் போல் மனதில் வைத்துக்கொண்டு கறுவாது.

கழுத்தில் போடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். முடி திருத்துபவர் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார். தபால்காரர் மனைவி பூனைக்கு மாட்டியிருந்தாள். கேட்டால், "அதுதாங்க எங்களைவிட அதிகமா ஊர் சுத்துது" என்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

விதி சுருக்கமானது. கதிரின் அளவுக்கு மில்லி சீவர்ட் என்று பேர். தெருவில் மில்லி என்றால் போதும். ஒரு வீட்டில் இருப்பவர்களின் சராசரி, மூன்று மாதத்துக்கு அரை மில்லியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு முறை தாண்டாமல் இருந்தால் வீடு நிரந்தரமாக அவர்களுடையது. ஒரு முறை தாண்டினாலும் கதவுக்குச் சீல். புது நகரத்தில் பதினோராம் மாடியில் ஒரு ஃப்ளாட். பில்லையில் தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டால் வீடும் கிடையாது, ஃப்ளாட்டும் கிடையாது, முகாம்தான்.

இந்த விதிக்குள் என் அக்காவும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள். சொந்தக்காரர் வீட்டை நான் அளக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. வேறு ஆள் இல்லை என்பது நிலைமை.

அக்கா வங்கியில் லாக்கர் அறைக்குப் பொறுப்பு. நடந்தால் சாவிக்கொத்து முன்னால் வரும், அக்கா பின்னால் வருவாள். அந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னலும் மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று அவள் வைத்தது. விட்டுப் போ என்றால் உயிரே போய்விடும் அவளுக்கு. அத்தான் வெல்டர். விபத்துக்கு முன் ஆறு வருடம் அதே அணு உலையில் குழாய் ஒட்டியவர். போய்விட வேண்டும் என்பது அவர் கட்சி.

தினமும் காலை ஏழு மணிக்குத் தெருமுனை ஒலிபெருக்கி உலையின் நிலவரம் சொல்லும். இரண்டாம் உலை, நீர்மட்டம் சீர், வெப்பம் முப்பத்தொன்பது பாகை, அழுத்தத்தில் மாற்றமில்லை. அத்தான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவார், எழுதிக்கொண்டே சண்டை போடுவார்.

"சீராம்ல சீரு! நேத்து எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவுன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"அது காதுல விழப்போகுதா? டீ ஆறுது, குடிங்க."

"நான் வச்ச ஒட்டு நிக்கும். பக்கத்துல ஒருத்தன் வச்சானே, அவன் ஒட்டை நான் பாத்திருக்கேன்."

"பாத்தப்பவே சொல்லியிருக்கணும்."

உடனே அத்தான் நோட்டை மூடிவிடுவார். வாசல் கதவோரம் ஒரு நீலப் பை, விபத்தன்று கட்டியது, இன்றும் கட்டியபடியே இருக்கும். "பாத்தியா, ஐயா ஓடறதுக்கு ரெடியா நிக்கிறாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்கா அதைக் காட்டிச் சிரிப்பாள்.

முதல் காலாண்டில் இருவர் பில்லையும் ஒழுங்காகத்தான் இருந்தன. அவருக்குப் பூச்சியம் புள்ளி மூன்று எட்டு, அவளுக்கு மூன்று ஆறு. அதற்குப் பிறகுதான் பெரிய சண்டை. அக்கா கட்டிலை இழுத்துக்கொண்டு பின்பக்கச் சின்ன அறைக்குப் போய்விட்டாள். காரணம் கேட்டால் குறட்டையாம். முப்பது வருடமாகக் காதில் விழாத குறட்டை! அதே வாரம் அவளுடைய பழுப்புச் செருப்பு வேறு காணாமல் போனது. பக்கத்து வீட்டு நாய்தான் தூக்கிப் போயிருக்கும் என்று, அந்த வீட்டு அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது காலாண்டில் அத்தானுக்கு ஆறு இரண்டு. அக்காவுக்கு ஒன்று நாலு. மூன்றாவதில் அத்தானுக்கு எட்டு பூச்சியம். அக்காவுக்கு மறுபடி அதே ஒன்று நாலு.

என் மேலதிகாரிக்கு நான் வைத்த பேர் சராசரி. அவர் வேறு எதையும் பார்க்க மாட்டார். "உங்க அக்கா வீடு சராசரி நாலு ஏழு. அரைக்கு உள்ளேதானே? அப்புறம் என்ன?" என்று காகிதத்தைத் தள்ளிவிட்டார். எனக்குத்தான் மூக்கில் வேர்த்தது. ஒரே வீட்டில், ஒரே தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒருவருக்கு ஏறுகிறது, ஒருத்திக்கு இறங்குகிறதென்றால் அது கதிர் இல்லை, கழுத்தறுப்பு.

எங்கள் கீழறையில் ஒப்புப் பில்லை என்று ஒன்று உண்டு. முழ அகலச் சுவருக்குள் யாரும் தொடாமல் கிடக்கும். மற்றதையெல்லாம் அதோடுதான் ஒப்பிடுவோம். அதன் எண் ஒன்று நாலு. அக்காவின் பில்லை அதற்கு உடன்பிறப்பு போல இருந்தது. ஊரில் அத்தனை தடிமனான சுவர் இன்னொன்று எங்கே இருக்கிறது? வங்கியின் லாக்கர் அறையில். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அத்தானின் வித்தையைக் கண்டுபிடிக்க, புதுப் பில்லை கொடுக்கப் போனபோது கைப்பெட்டியில் ஓர் அளவுமானியை வைத்துக்கொண்டு போனேன். கதிர் பட்டால் டிக் டிக்கென்று அடிக்கிற சாமான். அவருடைய பட்டறை அலமாரிக்கு அருகே போனதும் வாய் ஓயாமல் அடித்தது. அங்கே சிவப்பு முனை வைத்த வெல்டிங் கம்பிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அந்தக் கம்பிகளில் தோரியம் என்ற, தானே கதிர் வீசும் உலோகம் கொஞ்சம் கலந்திருக்கும். அதற்கும் உலை விபத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. டப்பாவில் இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் மூடியில் ஒரு ரப்பர் பட்டை சுற்றியிருந்தது. பில்லை சரியாக அடங்கும் அளவுக்கு.

அவர் சராசரியை அரைக்கு மேல் ஏற்றப் பார்க்கிறார். அவள் கீழே இழுக்கப் பார்க்கிறாள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. நேரே கேட்டால் இரண்டும் சாதித்துவிடும். எழுதிப் போட்டால் முகாம். ஆனால் இவர்கள் கூத்தில் அந்த வீட்டின் உண்மையான எண் என்ன என்று உலகத்தில் யாருக்குமே தெரியாமல் போயிருந்தது. அதுதான் என்னைப் போட்டுக் குடைந்தது.

அந்த வாரமே அவர்கள் கல்யாண நாள் வந்தது. இரண்டு புதுத் தலையணை வாங்கினேன். மிச்சமிருந்த, எந்தப் பதிவிலும் இல்லாத இரண்டு பில்லைகளை ஆளுக்கொன்றாக உள்ளே வைத்துத் தைத்தேன். முதல் முறையாக என் தையல் நேராக வந்தது.

"என்னடி அதிசயம், நீ பரிசெல்லாம் குடுக்கிற?" என்றாள் அக்கா.

"வயசாகுதுல்ல, கழுத்து வலிக்கும்."

"இவ வாய்ல நல்ல வார்த்தை வந்தாலே பயமா இருக்கு" என்றார் அத்தான். இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

நான்காவது காலாண்டு முடிந்ததும் போனேன். இதுதான் கடைசி. அரைக்குக் கீழே வந்தால் வீடு அக்காவுக்கு. மேலே போனால் சீல். இருவரும் பில்லையைக் கழற்றிக் கொடுத்தபோது அக்கா முகத்திலும் ஒரு திருட்டுச் சிரிப்பு, அத்தான் முகத்திலும் ஒரு திருட்டுச் சிரிப்பு. அவர்கள் சமையலறையில் சர்க்கரை போட்டதா போடாததா என்று டீயை வைத்துச் சண்டை போட்ட நேரத்தில், கத்தரிக்கோலால் இரண்டு தலையணையின் ஓரத்தையும் வெட்டி என் பில்லைகளை எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் தலையணைப் பில்லைகளைச் சூடாக்கினேன். அத்தானுடையது மூன்று நாலு. ஊரில் எல்லா வீட்டிலும் வருவது. அக்காவுடையதை வைத்தேன். எட்டு எட்டு.

இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்துச் சரிபார்க்கும் சில்லைப் போட்டுப் பார்த்தேன். கோளாறு இல்லை.  தலையணை நாள் முழுக்க அங்கே கிடக்கிறது, அவள் தலை அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் பயப்படும்படி இல்லை என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். தெருக்காரர்களுக்குச் சொல்லும்போது இந்தக் கணக்கு எத்தனை நன்றாக எடுபடும்! சொந்த அக்கா என்றதும் நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது. இவர்களுடைய பொய்யைத் திருப்பிப் போட்டால் உண்மை. ஆபத்து என்று காட்டிக்கொண்டவர் பத்திரமாகத் தூங்குகிறார். பத்திரம் என்று காட்டிக்கொண்டவள் கதிருக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள்.

அவர்கள் கழுத்துப் பில்லைகள் இரண்டும் இன்னும் தட்டில் படிக்கப்படாமல் இருந்தன. படித்த மறுகணமே எண் கணினியில் ஏறிவிடும், பிறகு யாராலும் மாற்ற முடியாது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, அளவுமானியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

விடுமுறை நாள் மத்தியானம். இருவரும் வீட்டில் இருந்தார்கள். வா என்று சொல்வதற்குள் நேரே பின்பக்க அறைக்குள் நுழைந்தேன். வாசற்படியில் அளவுமானி நிதானமாக அடித்தது. கட்டிலின் தலைமாட்டுக்குக் கொண்டு போனதும் மழை மாதிரி கொட்டியது. வெளியே ஓடி, சுவரைச் சுற்றிப் பின்னால் போனேன். மொட்டை மாடியின் மழைத்தண்ணீர்க் குழாய் சரியாக அந்தச் சுவருக்குப் பின்னால் இறங்கி மண்ணில் முடிந்தது. இரண்டு வருட மழை கூரையைக் கழுவி, விபத்தில் விழுந்த கதிர்த் தூசியையெல்லாம் கொண்டுவந்து அந்த ஒரு சாண் மண்ணில் கொட்டியிருந்தது. குடியேறுவதற்கு முன் தூசி அகற்ற வந்த துப்புரவுக் குழு அளந்தபோது முற்றத்தின் நடுவில் நின்று அளந்தார்கள். படிவத்தில் முற்றத்தின் நடு என்றுதான் இருக்கிறது, பாவிகள்.

சமையலறை மேசையில் நான்கு பில்லைகளையும் வரிசையாக வைத்தேன். "உக்காருங்க ரெண்டு பேரும்" என்றேன். என் குரலைக் கேட்டு இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இது அத்தானோடது. மூணு மாசமா வெல்டிங் கம்பி டப்பாவைக் கட்டிப்பிடிச்சுட்டு இருந்துச்சு. இது அக்காவோடது. லாக்கர்ல குடியிருந்துச்சு. இந்த ரெண்டும் என்னோடது. உங்க தலையணையில இருந்துச்சு."

"தலையணையிலயா!" என்றாள் அக்கா. "அடிப்பாவி, கல்யாண நாள் பரிசுல வேவு பாக்கிறியா?"

"கத்துறதை அப்புறம் கத்து. உன் தலையணை எட்டு எட்டு. தண்ணிக் குழாய் உன் தலைக்குப் பின்னாடிதான் இறங்குது. ஒன்பது மாசமா அங்க படுத்திருக்கே."

அத்தானின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அங்கேயா? அவ தலைமாட்டுலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அக்காவுக்குக் குழாய் காதிலேயே விழவில்லை. அவளுக்குக் கம்பி டப்பாதான் விழுந்தது. "அப்போ என்னைத் துரத்தறதுக்கு டப்பாவுல வச்சிருக்கீங்க! நான் செங்கல் செங்கலா நின்னு கட்டின வீடு!"

"நீ மட்டும் லாக்கர்ல வைக்கலையா?"

"என் வீட்டைக் காப்பாத்த வச்சேன்! உங்களை நான் எங்கயாவது போகச் சொன்னேனா? போறதுன்னா போங்க! பை ரெடியாதானே இருக்கு!" வாசலுக்குப் போய் நீலப் பையை ஓர் உதை விட்டாள். இற்றுப்போயிருந்த ஜிப் பிளந்து உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது.

அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை ஆறு அட்டை. அவளுடைய பழைய மூக்குக்கண்ணாடி. அவளுடைய கம்பளிச் சட்டை, உள்பாவாடை, சீப்பு. அத்தானுடையது என்று பார்த்தால் ஒரே ஒரு சட்டை, அதுவும் மாத்திரைகள் நசுங்காமல் இருக்கச் சுற்றி வைத்தது. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் உறை உருண்டு வந்தது. அதற்குள் பழுப்புச் செருப்பு ஒரு ஜோடி.

அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். "என் செருப்பு!" என்றாள். "ஒன்பது மாசமா அந்த நாயைத் திட்டிட்டு இருக்கேனே!"

"அது ஒண்ணுதான் உன் காலைக் கடிக்காது" என்றார் அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு. "சைரன் அடிச்சா நீ செருப்பைத் தேடிட்டு நிப்பே. அன்னைக்கும் அப்படித்தான் நின்னே. பஸ் கிளம்பப் போகுது, நீ சாவியை எண்ணிட்டு இருக்கே. எனக்குப் பயம்டி. அந்த உலையை எனக்குத் தெரியும். வீடு போனா போகுது. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா குனிந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவள் அழுததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான் மேசையைக் காட்டினார். "இதைப் படிச்சா என்ன வரும்?"

"உங்களது ஏறின போக்குக்கு இந்தத் தடவை ஒரு மில்லியைத் தொடும். அக்காவோடது பழைய மாதிரிதான். சராசரி அரையைத் தாண்டும். வீட்டுக்குச் சீல். நடந்ததை நான் எழுதினா ரெண்டும் போச்சு, முகாம்."

"வேற வழி?"

நான் படிவத்தில் என்றைக்கும் பொய் எழுதியவள் இல்லை. அதில் எனக்கு வீம்பு உண்டு. "பில்லை சேதமானா இன்னொரு காலாண்டு குடுப்பாங்க" என்றேன். "அதுக்குள்ள இருக்கிற சில்லு நல்ல சூட்டுல விழுந்தா எல்லாத்தையும் மறந்துடும். சும்மா தகவலுக்குச் சொல்றேன்." சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் வெயிலில் படுத்திருந்தது. நிரபராதி.

பின்னால் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. இரும்புச் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"இடுக்கியால பிடிங்க. கையால எடுக்காதீங்க" என்றாள் அக்கா.

"வெல்டருக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

"உருகுது பாருங்க. கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

ஒன்பது மாதத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் நாற்றம் தெருமுனை வரை போனது.

படிவத்தில் உண்மையைத்தான் எழுதினேன்: சமையலறையில் சூடான சட்டியில் விழுந்து சேதம், எண்ணிக்கை இரண்டு, மிச்சம் இணைக்கப்பட்டுள்ளது. குழாயைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை எழுதி, எல்லா வீட்டுக் குழாயடியையும் அளக்க வேண்டும் என்று அடிக்கோடிட்டேன். சராசரி அந்தக் கரிந்த உருண்டையை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே சட்டியில எப்படி விழுந்துச்சு?"

"புருஷன் பொண்டாட்டி சண்டை சார்."

அவருக்கும் கல்யாணமாகியிருந்தது. மேற்கொண்டு கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

குழு வந்து குழாயை வெட்டி, மண்ணைத் தோண்டி மூட்டை கட்டி எடுத்துப் போனது. கம்பி டப்பாவை அத்தான் என்னிடமே ஒப்படைத்தார். இந்தத் தடவை எண் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று இருவரையும் சத்தியம் செய்ய வைத்தேன். இனித் தலையணையில் எதுவும் வைக்கக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

மூன்று மாதம் போயிற்று. பில்லைகளை வாங்கி வந்து அடுத்த நாள் விடியற்காலையிலேயே படித்தேன். அத்தான், மூன்று ஏழு. அக்கா, மூன்று ஏழு.

அரைக்குக் கீழே. வீடு அவளுடையது. குதித்திருக்க வேண்டும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடைசி இலக்கம் வரை ஒன்று! முதல் காலாண்டில்கூட இரண்டு புள்ளி வித்தியாசம் இருந்தது. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து எங்கேயோ ஒன்றாக வைத்திருக்கிறார்கள், என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள் என்று கொதித்துக்கொண்டு போனேன்.

நான் உள்ளே நுழைந்தபோது ஒலிபெருக்கி நீர்மட்டம் சீர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அத்தான் நோட்டோடு இருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "முந்தாநாளைக்கு நாப்பதுதானே சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்!" என்று கத்தினேன். "மூணு ஏழு, மூணு ஏழு! எங்க வச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

அக்கா நிதானமாக எழுந்தாள். "லாக்கர்ல வச்சா எவ்வளவு வரும்?"

"ஒன்னு நாலு."

"கம்பி மேல வச்சா?"

"ஒன்னைத் தொடும்."

"அப்போ மூணு ஏழு எங்க வச்சா வரும்? நீதானே பில்லைக்காரி. நீயே சொல்லு."

"கழுத்துல போட்டாதான்" என்றேன். அத்தான் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முன்பக்க அறைக் கதவு திறந்திருந்தது. இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். நான் கொடுத்த தலையணைகள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. பின்பக்க அறையில் வெங்காய மூட்டையும் தையல் மெஷினும் இருந்தன.

"அப்போ குறட்டை?" என்றேன்.

"இப்ப அவதான் விடறா" என்றார் அத்தான் நோட்டுக்குள்ளிருந்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடு உனக்குத்தான் என்று அக்காவைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவள் என் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்தாள். அத்தான் நோட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, மூன்று ஏழு என்று பெரிதாக எழுதினார். "நம்பர் சொன்னா ஒத்துக்கத்தானே வேணும்" என்றார்.

கிளம்பும்போது வாசலில் கால் இடித்தது. நீலப் பை. புது ஜிப் போட்டு அங்கேயே இருந்தது. முன்பு போல் லேசாக இல்லை, கல் மாதிரி இருந்தது. திறந்து பார்த்தேன். அக்காவின் சாமான்களுக்கு மேலே அத்தானின் நாலு சட்டை, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம், சவரப் பெட்டி எல்லாம் அடுக்கியிருந்தன. அந்த அடுக்கு லாக்கர் அறைக்காரியின் அடுக்கு.

"வீடுதான் உன்னோடதுன்னு ஆயிடுச்சே. இன்னும் எதுக்குக்கா இது?"

"இருக்கட்டும்டி" என்றாள் அக்கா. "இல்லேன்னா அந்த மனுஷன் என் செருப்பை மட்டும் தூக்கிட்டு ஓடுவாரு."